ஆறே முக்கால் அறிவிப்பு

ஆபீஸ்ல இருந்துலாம் வரலைங்க அக்கா. கையெழுத்து வாங்கவும் வரல. அந்த ஆதார் கார்டு, பேங்க் புக்கெல்லாம் நீங்க உள்ள வெச்சிடுங்க. சேரு வாணாம், நான் இப்படி கீழயே உக்காந்துக்கறேன். விழுப்புரத்துல இருந்து கெடாரு வரிக்கும் நின்னுக்கினே வந்தேன். குடியரசு தின கொடியேத்தம் பாத்துட்டு ஜனமெல்லாம் ஒரே பஸ்ஸுல திரும்புது.

என்ன அடையாளம் தெரியலையா? திண்டிவனம் ஆஸ்பத்திரியில, பொணம் வெக்கிற ரூம் வாசல்ல, உங்களுக்கு சோடா வாங்கியாந்து குடுத்தேனே. நீங்க வாங்கி கையிலயே வெச்சிக்கினு இருந்தீங்க, குடிக்கல. ஆங், அது நான்தாங்க. கலைப்பிரியா. மரக்காணம் தாண்டி எங்க குப்பம். உங்க வூட்டுக்காரரு மாரியப்பண்ணன் எங்க ஊர்லதான் ஒண்ணரை வருசம் இருந்தாரு.

அன்னிக்கு நீங்க ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கினு இருந்தீங்க. போலீஸ்காரரு கிட்ட கேட்டீங்க, படகுக்காரரு வெங்கடாசலம் மாமா கிட்ட கேட்டீங்க, தள்ளுவண்டி தள்ளிக்கினு போன ஆளு கிட்ட கூட கேட்டீங்க. யாருமே சொல்லலையா, இவ்ளோ பெரிய புயலு வர்றத ஒருத்தர் கூட சொல்லலையான்னு. எல்லாரும் தலைய குனிஞ்சிக்கினாங்க. நானுந்தான். ஆனா பதில் சொல்ல வேண்டியவ நான்தாங்க அக்கா. கடல் சேதி சொல்றது எங்க ஊர்ல என்னோட வேலை.

சின்ன ரூமுங்க. மாதா கோயிலுக்கு பக்கத்துல. ஒரு போர்டு, ஒரு மைக்கு, தென்ன மரத்துல நாலு கொழா ரேடியோ. போனுக்கு மெசேஜ் வரும். காத்து எந்தப் பக்கம் அடிக்கும், அலை எவ்ளோ ஒசரம், கடல் தண்ணி மேல எவ்ளோ சூடு, மீனு எங்க கூடி இருக்குது, எல்லாம் வரும். நான் போர்டுல எழுதிட்டு மைக்ல படிப்பேன். பன்னெண்டாவது வரிக்கும் படிச்சவ, கொரலு கணீர்னு இருக்குதுன்னு என்ன வெச்சாங்க. ஆறு வருசம் ஆவுது.

இல்லைங்க, கடலு சூடுன்னா கைய வெச்சா சுடாது. நமக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி மீனுக்குத்தான் தெரியும். கார்த்திகையில எங்க பக்கம் இருவத்தெட்டுன்னு எழுதுவேன் முன்னெல்லாம். இப்போ ரெண்டு வருசமா முப்பது, முப்பத்தொண்ணுன்னுதான் எழுதிக்கினு இருக்கேன். நீங்க கேப்பை கூழு காச்சி வெக்கிறீங்க இல்ல, மார்கழியில ரெண்டு நாளு தாங்கும், சித்திரையில மத்தியானத்துக்குள்ள புளிச்சி பொங்கிடுது. என்னா பெரிய வித்தியாசம், கொஞ்சம் சூடுதானே. அந்த மாதிரிதாங்க.

கீழ இருக்கிற குளுந்த தண்ணி மேல வந்தாத்தான் பாசி எழும்பும். பாசிய தின்ன நெத்திலி வரும், மத்தி வரும், அத தின்ன வஞ்சிரம் வரும். மேல் தண்ணி சூடாயி மூடி போட்டாப்ல நின்னுக்கிச்சின்னா கீழ் தண்ணி மேல வராது. மீனு குளுந்த எடம் தேடி ஆழத்துக்கு போயிடும், இல்ல வேற சீமைக்கு போயிடும். எங்க சனம் விடிய விடிய வலைய போட்டு இழுத்தா, சொறி மீனுதான் வரும். தெரியாதா உங்களுக்கு? கண்ணாடி மாதிரி, கொழகொழன்னு. தொட்டா கையெல்லாம் தணலு பட்டாப்ல எரியும். சூடு தண்ணின்னா அதுக்கு கொண்டாட்டம். போன வருசம் பூரா எங்க ஊரு பொம்பளைங்க மீனு கூடைக்கு பதிலு, புருசன் கைக்கு தேங்கா எண்ணெய் தடவிக்கினு உக்காந்திருந்தாங்க.

அண்ணன் கைய நீங்க பாத்திருப்பீங்களே. போன வருசம் பொங்கலுக்கு வந்தப்ப தழும்பு இருந்துச்சா? அதுதான். கரையில வலைய உதறும்போது பட்டது. அந்தப் புயல் நாளு வரிக்கும் அவரு படகுல ஏறினதே இல்லைங்க. மொதல்ல உப்பளத்துக்குத்தானே வந்தாரு. வேளை கெட்ட நேரத்துல மழ பேஞ்சி பாத்தியெல்லாம் கரைஞ்சி போச்சி. மத்தவங்கெல்லாம் ஊருக்கு திரும்பிட்டாங்க, இவரு மட்டும் திரும்பல. திரும்பி போயி மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கற கூலிக்கு நிக்கறதுக்கு இங்கயே எதனா பாக்கறேன்னு, ஐஸ் பொட்டி தூக்குனாரு, வலை உதறுனாரு, மீனு பிரிச்சாரு. எந்த வேலைக்கும் மூஞ்ச சுளிச்சதில்ல. எங்க ஆம்பளைங்க எவ்ளோ மீனு புடிச்சோம்னு அளப்பாங்க பாருங்க, இவரு சிரிச்சிக்கினே, எங்க திருவாமாத்தூரு வட்டப்பாறையாண்ட வந்து சத்தியம் பண்ணுங்கடா பாக்கலாம்பாரு. அங்க பொய் சத்தியம் பண்ணவன் வூடு போயி சேர மாட்டானாமே.

உங்களப் பத்தியா? பேசுவாரு, பேசாம இருப்பாரா. எங்க பிரபாவதி கருவாட்டு கொழம்பு வெச்சா தெருவே கேட்டு வாங்கும்பாரு. ரோஜா பொண்ணு கணக்குல நூத்துக்கு தொண்ணூத்தாறு வாங்கிச்சின்னு ஐஸ் கம்பெனி பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு. ஸ்கூல்ல கொடியேத்த போயிருக்குதா? எப்போ வரும்? சரிங்க. அதுக்குள்ள சொல்லிடறேன்.

அந்த வாரம் என்னா நடந்துச்சின்னா, வங்காள விரிகுடாவுல ஒரு தாழ்வு மண்டலம் நின்னுக்கினு இருந்துச்சி. நாலு நாளு கடலுக்கு போவாதீங்கன்னு படிச்சேன். யாரும் போவல. காத்தும் இல்ல, மழையும் இல்ல, வெயிலு பல்ல காட்டிக்கினு நிக்குது. ஐப்பசியில மட்டும் இந்த மாதிரி மூணு தடவ ஆச்சி. நான் படிப்பேன், சனம் படக மேல ஏத்தும், ஒண்ணும் வராது. அடுப்பு எரியாத வூடு எவ்ளோன்னு எனக்கு தெரியும். கொழாயடியில நான் போனா பேச்சு நின்னுடும். எனக்கு புயல் பிரியான்னு பேரு வெச்சிட்டாங்க. ஊர் கூட்டத்துல எழுந்து நின்னு ஒருத்தரு சொன்னாரு, உறுதியா தெரிஞ்சா மட்டும் மைக்க தொடு, இல்லன்னா மரத்துல இருக்கிற கொழாய கழட்டி கடல்ல போட்டுடுவோம்னு. எங்க வூட்டுக்காரரு ஜெகதீசன் அங்கதான் உக்காந்திருந்தாரு. வூட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டாரு.

அஞ்சாவது நாளு, வலுவெழந்து போச்சி, தடை இல்லன்னு சேதி வந்துச்சி. அன்னிக்கு சாயங்காலமே மீனு சேதியும் வந்துச்சிங்க. ரெண்டு மாசத்துக்கு அப்பறம். மேகம் கலைஞ்சா தான் சாட்டிலைட்டுக்கு கடலு தெரியும். தென்கிழக்கே, பதினெட்டு கிலோமீட்டரு, ஆழம் முப்பது மீட்டரு. அங்க ஒரு எடத்துல மட்டும் தண்ணி குளுந்து இருக்குதாம், பாசி எழும்பி இருக்குதாம். அக்கா, நான் அத மூணு தடவ படிச்சேன். ஒரு தடவ படிச்சா போதும். மூணு தடவ படிச்சேன். எம்மா, தெருவுல பசங்க கூச்சல் போட்டுக்கினு ஓடுது. என் வாயில இருந்து நல்ல சேதி வந்து எவ்ளோ நாளாச்சி. காலையில என்ன திட்டின பொம்பள ராத்திரி எங்க வூட்டுக்கு முருங்கக்கீரை குடுத்தனுப்பினா.

மறுநாளு விடியக்காலைல எல்லாரும் கெளம்பினாங்க. வெங்கடாசலம் மாமா படகுல எப்பவும் மூணு பேரு. அவரு, அவரு மருமகன் தென்னரசு, எங்க வூட்டுக்காரரு. எங்க வூட்டுக்காரருக்கு காய்ச்சல்னு ஆயிடுச்சி. அதத்தான் உங்க கிட்ட ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மாமா எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு, பின்னாடியே ஐஸ் பொட்டிய தூக்கிக்கினு உங்க அண்ணன், மன்னிச்சிக்கோங்க, உங்க வூட்டுக்காரரு. ஆளு கொறையுதேன்னு மாமா தலைய சொறியறாரு. நான் வர்றேன் மாமான்னு இவரு சொல்றாரு. உனக்கு நீச்சல் தெரியுமான்னா, கெடாரு கெணத்துல மேல இருந்து குதிப்பேன், கெணத்துல நீந்தினவன் கடல்ல நீந்த மாட்டானான்னு சிரிக்கிறாரு. மாமாவுக்கும் சிரிப்பு வந்துடுச்சி. எங்க வூட்டுக்காரரோட மழ கோட்டு ஆணியில மாட்டி இருந்துச்சி. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அஞ்சே முக்காலுக்கு படக தள்ளிட்டாங்க.

மாமா இஞ்சினு புதுசு. ஜல்தியா போயிட்டாங்க. மத்த படகெல்லாம் இன்னும் வலைய ஏத்திக்கினு இருக்குது.

ஆறு, ஆறரை இருக்கும். கடலு செத்துப் போனாப்ல ஆயிடுச்சிங்க. அலையே இல்ல. வானம் ஒரு மாதிரி செம்மண்ணு கலரு. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. ஆறே முக்காலுக்கு நான் ஓடிப் போயி மைக்க போட்டேன். யாரும் போவாதீங்க, போனவங்க திரும்புங்க, உள்ள போனவங்களுக்கு போனு போடுங்கன்னு கத்தினேன். மூணு படகு அப்போதான் தள்ளி இருந்தாங்க, கொழா சத்தம் கேட்டு திரும்பிட்டாங்க. பன்னெண்டு பேரு. கரையில இருந்தவங்கெல்லாம் நின்னுட்டாங்க. மாமா படகுக்கு போனு போவல. டவரு தாண்டிட்டாங்க.

அது எப்படி ஒரே ராத்திரியில அப்படி ஆச்சின்னு நானும் அப்பறம் படிச்சி தெரிஞ்சிக்கினேன். புயலுக்கு சோறே கடல் சூடுதாங்க. ஆறின தண்ணிக்கு மேல புயலு வந்தா அது எளைச்சி செத்துடும். இது செத்துடும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. ஆனா எங்க கரையாண்ட முப்பத்தொரு டிகிரி காத்துக்கினு இருந்துச்சி. அது மேல வந்து நகராம நின்னு, தின்னுச்சி. தின்னு தின்னு பெருத்துச்சி. அப்பறம் அந்த தண்ணிய எல்லாம் உங்க பக்கம் கொண்டாந்து கொட்டுச்சி. இங்க கூட ஏரி ஒடைஞ்சி ஊருக்குள்ள இடுப்பளவு வந்துச்சாமே. சொவத்துல கோடு தெரியுது பாருங்க. நீங்க அந்த தண்ணியில பொண்ணையும் ஆட்டையும் மாடியில ஏத்திக்கினு இருந்திருப்பீங்க. அங்க அவரு...

எட்டு மணிக்கு மொத காத்து அடிச்சிதாம். மாமா சொன்னது. வலைய பாதி எடுத்திருக்காங்க. நெஜமாவே மீனு இருந்துச்சாம் அக்கா. வலை பூரா. அதனாலதான் வெட்டி வுட்டுட்டு வர மனசு வரல. அடுத்த காத்துல படகு கவுந்துடுச்சி. மூணு பேரும் அடிப்பக்கத்த புடிச்சிக்கினு கெடந்தாங்க. தென்னரசு தம்பி மொதல்ல போச்சி. அந்த தம்பி இன்னிய வரிக்கும் கெடைக்கல. அண்ணன் மத்தியானம் வரிக்கும் புடிச்சிக்கினு இருந்தாராம். மாமா கால்ல கயிறு சுத்திக்கிச்சி, அத அவுத்து வுட்டது அண்ணன்தான். அதுக்கு ஒரு கைய எடுத்தாரு. அப்பறம் அலை அடிச்சிது.

பயந்தாரான்னு கேக்கறீங்களா? மாமா அத சொல்லலைங்க. அவரு இப்போ பேசறதே இல்ல. படகுப் பக்கம் போறதில்ல. சாமி மாதிரி உக்காந்திருக்காரு. குளுருதுன்னு ஒரு தடவ அண்ணன் சொன்னாராம், அது மட்டும் சொன்னாரு. அவ்ளோ சூடான கடல்ல குளுருதுன்னு.

நாலாம் நாளு கூனிமேடு பக்கம் ஒரு ஒடம்பு ஒதுங்கி இருந்துச்சி. மொகம் தெரியல. கோட்டுல ஜெகதீசன்னு நான் ஊசி நூலால தெச்ச பேரு இருந்துச்சி. மாமாவுக்கு அது வரிக்கும் ஆஸ்பத்திரியில நெனவு தெளியல, எங்க வூட்டுக்காரரும் வெளிய தலை காட்டல. ஊரு சனம் அழுதுக்கினே எங்க வூட்டுக்கு ஓடியாந்துடுச்சி. பொம்பளைங்க வாசல்லயே மாருல அடிச்சிக்கினு உக்காந்துட்டாங்க. எங்க வூட்டுக்காரரு உள்ள இருந்து எழுந்து வந்து வாசப்படியில நிக்கிறாரு. அவர பாத்ததும் அழுகைய நிறுத்திட்டாங்க. ஒருத்தரு மூஞ்ச ஒருத்தரு பாத்துக்கினாங்க. பாதிப் பேருக்கு சந்தோசம். அது யாரு, அந்த கெடாரு ஆளுன்னு ஒருத்தி சொன்னா. சொல்லிட்டு மொந்தானையால கண்ண தொடைச்சிக்கினு எழுந்து போனா. அந்த கெடாரு ஆளு. அது என் காதுல இன்னும் கேட்டுக்கினே இருக்குது.

இது? இது இன்னிக்கு குடுத்த சர்டிபிகேட்டுங்க. விழுப்புரத்துல, மேடையில. பிரிச்சி பாருங்க, பரவால்ல. புயல் காலத்தில் துரிதமாகச் செயல்பட்டு பன்னிரண்டு மீனவர்களின் உயிரைக் காத்தமைக்காகன்னு போட்டிருக்குது. ஆறே முக்கால் அறிவிப்புன்னு நேரத்தோட சொல்லி கை தட்டினாங்க. எங்க ஊருல இருந்து வேன்ல வந்தாங்க. புயல் பிரியான்னு சொன்ன வாயெல்லாம் சால்வ போர்த்துது. வூட்டுக்காரரு வரல. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாரு. அவங்கெல்லாம் ஓட்டல்ல சாப்பிட போனாங்க. நான் உங்க ஊரு பஸ்ஸு நிக்கறத பாத்து ஏறிட்டேன்.

வாணாங்க அக்கா, காப்பி வாணாம். கைய புடிக்காதீங்க. பன்னெண்டு பேர காப்பாத்தினியேம்மான்னு நீங்களும் சொல்லாதீங்க. மத்தவங்க சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. உக்காருங்க. இப்படி எதிருக்க உக்காருங்க.

எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு காய்ச்சல் இல்லைங்க.

மெசேஜ் வந்தது அஞ்சு பத்துக்கு. மறுபடியும் வலுவடையுது, மீனவர்கள் யாரும் கடலுக்கு போவக் கூடாது, இருக்கிறவங்க ஒடனே கரை திரும்பணும். தெளிவா இருந்துச்சி. ரெண்டு தடவ படிச்சேன். வெளிய எல்லாரும் சிரிச்சிக்கினு வலைய தூக்கிக்கினு போறாங்க, சத்தம் கேக்குது. நேத்து சாயங்காலம் மூணு தடவ மீனு மீனுன்னு கத்தினவ, இப்போ போயி போவாதீங்கன்னு எந்த வாயால சொல்றது. சாயங்காலத்துக்கு மேலதானே காத்து வரும், பத்து மணிக்குள்ள ஒரு தடவ வலைய போட்டு இழுத்துக்கினு வந்துடுவாங்க, அதுக்குள்ள என்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். ஊருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தோணிச்சி. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் எனக்கு தோணல. ஏன் தோணலன்னு ரெண்டு மாசமா யோசிக்கிறேன், தெரியல. அவர மட்டும் எழுப்பினேன். இன்னிக்கு போவாத, யாரு வந்து கேட்டாலும் காய்ச்சல்னு நான் சொல்லிக்கிறேன், போர்வைய இழுத்து மூடிக்கினு படுன்னேன். படுத்துட்டாரு.

அண்ணன் கோட்ட மாட்டிக்கினு நிக்கும்போது போனு என் கையிலதான் இருந்துச்சி. வெளிச்சம் கூட அணையல. ஜெகதீசன் தம்பிக்கு கஞ்சி வெச்சி குடும்மா, நான் வந்து பாக்கறேன்னு சொல்லிட்டு போனாரு.